மழைக்கப்பல் சுவர் குறித்து மேல்பாறைப் பேரமைச்சருக்கு

நலம் பெருகுக. ஆறுகள் இரண்டும் கரை தவறாது ஓடும் நீர்க்கோட்டு நாட்டை வெண்குடைக்கீழ்க் காத்தருளும் கோச்சேந்த விறலரசரின் ஆணைவழி நிற்கும் தலைமை அமைச்சன் ஆதிச்சநம்பி, கற்கோட்டை குலையாத மேல்பாறை நாட்டின் பேரமைச்சரும் என் அருமைச் சம்பந்தியுமாகிய கூத்தன் தேவனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மன்னர் கொற்றம் நிலைக்க. தங்கள் குன்றின் சுனைகள் சுரக்க. தங்கள் இல்லத்து மருமகளாகிய என் மகள் தேமொழி மஞ்சள் குங்குமத்தோடு நெடுநாள் வாழ்க.

எம் அரசரின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த தங்கள் தூதர், விருந்தில் கை நனைக்காமலே புறப்பட்டுப் போனதைத் தாங்கள் அறிவீர்கள். அரண்மனைச் சுவரில் அவர் கண்டது, வானில் பறக்கும் கப்பலொன்று மேல்பாறை நகரின்மேல் நெருப்பைச் சொரிவதையும், மாடியில் நின்ற பெண்ணொருத்தி இரு கைகளையும் தூக்கி ஓலமிடுவதையும். நாங்கள் தங்கள் நகரை எரிக்கத் திட்டமிட்டுவிட்டோம் என்று அவர் உரைத்தாராம். அதை நம்பி, எங்களை முந்திக்கொள்ளத் தங்கள் மன்னர் மெய்யாகவே ஒரு பறக்கும் கப்பலைக் கட்டத் தொடங்கிவிட்டார் என்று எம் ஒற்றர் சொல்கிறார்கள். ஆதலின் அச்சுவரின் உண்மையைத் தங்களுக்கு உரைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

எம் நாட்டில் முடிசூட்டு விழாதோறும் அரண்மனையின் வருநாள் மண்டபத்தில் ஒரு சுவரை ஓவியரிடம் ஒப்படைப்பது வழக்கம். இதுவரை எவரும் காணாத ஒன்றை, இனி வரக்கூடும் என்று அவர் மனத்துக்குப் படுவதை, அவர் எழுத வேண்டும். எண்ணெயின்றி எரியும் விளக்கும், நாடி பார்க்கும் மரப்பாவை மருத்துவரும், கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து கடலடியில் பயணம் போகும் குடும்பமும் அங்கே உண்டு. குடிகள் திருவிழாவில் வந்து வியந்து, சிரித்து, பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போவார்கள். அவற்றில் ஒன்றையாவது செய்து பார்ப்போம் என்று எந்தக் கொல்லரும் உலையை மூட்டியதில்லை.

எம் அரசரின் சுவரை எழுதியவர் எழினியார். அவர் தங்கள் மேல்பாறையில் பிறந்தவர். தண்ணீர் இல்லாமையால் பிழைப்புத் தேடி எங்களிடம் வந்தவர். எங்கள் ஆற்றுநீரைக் கப்பலில் ஏற்றி, வான்வழியே கொண்டுபோய், தம் ஊரின்மேல் மழையாய்ப் பொழியவைக்க வேண்டுமென்பது அவர் கண்ட கனவு. முதல் மழைக்கு உங்கள் பெண்கள் மாடிக்கு ஓடிக் குடம் ஏந்தும் வழக்கம் தாங்கள் அறியாததா? அதைத்தான் எழுதினார். நீல நிறம் நன்கு எழவேண்டும் என்று எங்கள் ஓவியர்கள் அடியில் செங்காவி பூசுவார்கள். சென்ற மாரியில் சுவரில் ஈரம் ஏறி நீலம் முழுவதும் உதிர்ந்தது. பொழிந்த நீர் செந்தீயாயிற்று. பெண்ணின் கையில் இருந்த குடமும் நீலமே. அதுவும் உதிர்ந்து செந்தீயோடு கலந்துபோக, வெறுங்கைகள் மட்டும் வானை நோக்கி நிற்கின்றன.

இதைத் தங்கள் தூதரிடம் நயந்து சொன்னேன். எரிக்க நினைப்பவரும் இப்படித்தான் சொல்வார் என்று அவர் நகைத்தார். எழினியாரையே அழைத்து நிறுத்தினேன். பிறந்த ஊரைக் காட்டிக்கொடுத்தவன் என்று தூதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழினியார் அன்றிலிருந்து சரியாக உண்பதில்லை.

சுவரைத் திருத்திவிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். அரசர் வாழும் காலத்தில் அவர் சுவரில் தூரிகை வைப்பது அவர் இறப்பை விரும்புவதற்கு ஒப்பு என்பது எம் முன்னோர் விதி. விதியைத் தளர்த்தி, மீண்டும் நீலம் பூச அருள்புரியுமாறு அடிபணிந்து வேண்டினேன். இப்போது நிறம் மாற்றினால் அஞ்சிவிட்டோம் என்று மேல்பாறை எண்ணும் என அரசர் திருவாய் மலர்ந்தருளினார்.

இது நிற்க. தங்கள் கப்பல் பணி பற்றிய ஒற்றுச்செய்தி வந்த பின், அவர்களால் ஆகுமெனில் நம்மால் ஆகாதோ என்று எம் படைத்தலைவர் வினவினார். மறுநாளே கொல்லர்கள் மண்டபத்துக்குள் கயிற்றோடு நுழைந்து, சுவரில் உள்ள கப்பலை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். பின்புறத்துச் சக்கரம் எதற்கு என்று எழினியாரைக் கேட்டார்கள். அந்த மூலை வெறுமையாய் இருந்ததால் எழுதினேன் என்று அவர் உள்ளதைச் சொன்னார். அவர்கள் அதையும் இரும்பில் வார்த்துவிட்டார்கள். அது சுழலவும் செய்கிறது. ஓவியத்தில் நீர்த்தொட்டி இருந்த இடத்தில் எண்ணெய்க்கொப்பரை வைத்திருக்கிறார்கள். தொட்டியில் நீரையே நிரப்புங்கள் என்று எழினியார் அவர்கள் காலைப் பிடித்துக் கெஞ்சினார். நீரைச் சுமந்துபோக யாரும் ஆணையிடவில்லையே என்றார்கள். சென்ற வாரம் அக்கப்பல் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு தரையைவிட்டு எழுந்தது. ஊரே ஆரவாரித்தது.

எத்தனையோ நல்ல கனவுகள் அம்மண்டபத்தில் தூசி படிந்து கிடக்கின்றன, தேவனாரே. அச்சம் தொட்ட இந்த ஒன்று மட்டும் ஏன் இத்தனை விரைவில் உயிர் பெற்றது என்று எண்ணி எண்ணி மாய்கிறேன். நாடாளும் அமைச்சன் நான். ஒரு சுவரின் முன்னே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன்.

இனி அரசாணை. மேல்பாறையார் தாம் கட்டும் கப்பலை ஆற்றுவிழாக் கொடியேறுமுன் பிரித்தெறிந்து, அதன் இரும்பை எல்லையில் குவித்துக் காட்டுக. அன்றேல் நீர்க்கோட்டுக் கப்பல் கொடியேறிய அன்றே மேல்பாறை வானில் தோன்றும். இரு நாடும் ஒரே நாளில் பிரிக்கலாமே என்று நான் விண்ணப்பித்ததை அரசர் ஏற்றருளவில்லை என்பதையும், தங்கள் மன்னரும் ஏற்கமாட்டார் என்பதை நான் அறிவேன் என்பதையும் இதனோடு பணிந்து தெரிவிக்கிறேன்.

இவ்வாறு கட்டளைப்படி எழுதி, இரட்டை நாரை முத்திரை இட்டேன். அரசர் சொல் நிற்க. இரு நாட்டு எல்லையும் நிற்க.

முத்திரைக்குக் கீழே எழுத எனக்கு உரிமையில்லை. ஆயினும் ஓலையில் சிறிது இடம் இருக்கிறது. மழைக்கு ஏங்கும் உங்கள் ஊருக்கு மணமாகி வந்தபின், வானம் இருண்டால் முதல் ஆளாய் மாடிக்கு ஓடுபவள் தான்தான் என்று தேமொழி எனக்குப் பெருமையாய்ச் சொல்லியனுப்பியிருந்தாள். சம்பந்தி, இனி வானில் எது தோன்றினாலும், அவளைக் குடத்தோடு மாடிக்குப் போகவிடாதீர்கள்.