ஆட்டு டாக்டரிடம் என்னைக் கொண்டுபோன ஐயாவுக்கு

என் செல்ல ஐயாவுக்கு,

அப்பாவை ஐயா என்று கூப்பிடும் வீடு நம்முடையது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரையும் நான் ஐயா என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பது நீங்களாக இருக்கக்கூடாதா என்று ஒரு நொடி தோன்றும். பார்த்தால் வேறு ஆள்.

நீங்கள் எங்களை விட்டுப் போனபிறகு ஒரு மழைக்காலம் வந்துவிட்டது. கரிசல் வெடிப்பெல்லாம் மூடி, ஊரைச் சுற்றி உளுந்து பச்சையாக நிற்கிறது. ஆடுகளை அண்ணன் பார்த்துக்கொள்கிறான். உங்கள் பொறுமை அவனுக்கு ஏது? ஆடுகளோடு வாய்ச்சண்டை போடுகிறான். நான் கடம்பூர்ப் பக்கம் அதே தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். இதெல்லாம் நீங்கள் எதிர்பார்த்ததுதான். நீங்கள் எதிர்பார்க்காத ஒரு சேதி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் நாலாம் வகுப்பில் உட்கார்ந்து தூங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும்.

சாதாரணத் தூக்கமா அது? கரும்பலகையைப் பார்த்தாலே கண் சொக்கும். நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்கும். எழுதச் சொன்னால் சிலேட்டுக் குச்சியைக் கடித்துத் தின்றுவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பேன். மழையில் மண்சுவர் நனைந்துவிட்டால் போச்சு, அந்த வாசனைக்கு எச்சில் ஊறும், சுரண்டித் தின்பேன். அம்மா என் விரல்களில் வேப்பிலையை அரைத்துத் தடவினாள். வேப்பிலையையும் சேர்த்துத் தின்றேன்.

வாத்தியார் உங்களைக் கூப்பிட்டு, "பிள்ளைக்குப் புத்தி மந்தம்யா, படிப்பு ஏறாது" என்று சொல்லிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? நானே அதை நம்பினேன். படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு அப்போது நம் ஊரில் ஒரு வண்டி இருந்தது. விடியுமுன் தீப்பெட்டி செய்யும் ஆபீஸிலிருந்து வேலைக்கு ஆள் ஏற்ற வந்து ஹார்ன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறுவார்கள், இருட்டியபிறகு வந்து இறங்குவார்கள். திங்கட்கிழமையிலிருந்து நானும் வருவேன் என்று அம்மா வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டாள். ஏறினால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவின் சிலேட்டை அவள் வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம். காய்ந்த பருத்தி மார் பிடுங்கிய காட்டில் நம் ஆட்டுக்கிடை கிடந்தது. உங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த நான், வரப்பில் உட்கார்ந்து ஒரு கரிசல் கட்டியை வாயில் போட்டேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கையை ஓங்கிக்கொண்டு வந்தீர்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டியும் அதே மண்ணை நக்கிக்கொண்டு நின்றது. மண் நக்குகிறதே என்று அதற்குக் காலையில்தான் குடல்பூச்சி மருந்து ஊற்றியிருந்தீர்கள். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. குட்டியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பிறகு ஆட்டைப் பிடிப்பதுபோலவே என் தாடையைப் பிடித்து, முகத்தை வெயிலுக்குத் திருப்பி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, கண்ணு இப்படி வெளுத்துக் கெடக்கு! எத்தன நாளா இப்படி இருக்க?"

எனக்கு எப்படித் தெரியும், ஐயா? என் இமைக்கு உள்பக்கத்தை நான் எங்கே கண்டேன்?

மறுநாள் வண்டி வந்தது. "இன்னைக்கு அவ வரமாட்டா" என்றீர்கள். "வாக்குக் குடுத்தாச்சுல்லா!" என்று அம்மா கத்தினாள். "சீக்குக் குட்டிய எவனும் சந்தைக்கு ஓட்டுவானாட்டி?" என்று கேட்டுவிட்டு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். எங்கே? பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு! உங்களுக்கு முகம் தெரிந்த ஒரே டாக்டர் அங்கேதானே இருந்தார்.

"டாக்டரய்யா, குட்டி மண்ணு தின்னுது. கண்ணும் வெளுத்திருக்கு."

"குட்டிய எங்க, அண்ணாச்சி?"

"இந்தா நிக்கால்லா!"

கம்பவுண்டர் சிரித்த சிரிப்பில் வாசலில் கட்டியிருந்த எருமை மிரண்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "ஆட்டு மருந்து ஏதும் ஊத்திட்டீங்களா?" என்று பதறினார். நீங்கள் மடியிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினீர்கள். "இன்னும் இல்ல. எவ்வளவு ஊத்தணும்னு கேட்டுட்டுப் போவோம்னுதான் வாரேன்." அவர் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "ஆட்டுக்கு உள்ள அளவு பிள்ளை தாங்குமா? பூச்சின்னு நீங்க சந்தேகப்பட்டது சரிதான். கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, பஸ்ஸு வர்ற நேரம்தான்" என்று வெளியே வந்து கைகாட்டி அனுப்பினார்.

கேட்காமலே ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓங்கின கை நிற்காமல் இறங்கியிருந்தால்?

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என் நகம், நாக்கு எல்லாம் பார்த்து, ரத்தமும் மலமும் எடுத்துச் சோதித்தார். வயிற்றில் கொக்கிப்புழு இருந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது, செருப்பில்லாமல் காட்டுக்குப் போகிற பிள்ளைக்கு அது கால் வழியாகவே ஏறிவிடும் என்றார். மண் தின்னத் தோன்றுவதும் வகுப்பில் தூங்கி வழிவதும் அந்த ரத்தக் குறைவால்தானாம். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"அப்ப எம்பிள்ள மந்தம் இல்லியாம்மா?"

"முதல்ல உடம்பில ரத்தம் ஊறட்டும். அப்புறம் வந்து கேளுங்க" என்றார் அவர்.

பஜாரில் எனக்கு ஒரு ஜோடிச் செருப்பும் கடலை மிட்டாயும் வாங்கினீர்கள். செருப்பு என் காலுக்குப் பெரியது. "வளருவால்லா" என்று கடைக்காரரிடம் சொன்னீர்கள். உங்கள் மகள் வளருவாள் என்பதில் உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்!

புழு மருந்தோடு தந்த இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்டு எனக்கு வெளிக்குக் கறுப்பாகப் போனபோது அம்மா பயந்து மாத்திரையை நிறுத்தப் பார்த்தாள். "ஆட்டுப் புழுக்க கறுப்பாத்தான் இருக்கு, எந்த ஆடு செத்துப் போச்சு?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தீர்கள். கஞ்சியோடு முருங்கைக் கீரையும் வந்தது. வண்டி வரும்போதெல்லாம் நீங்கள் வாசலில் நின்று கையை விரிப்பீர்கள். எனக்குள்ளே பயம் இருந்துகொண்டேதான் இருந்தது. ரத்தம் ஊறியும் படிப்பு ஏறாவிட்டால்?

மெதுவாகப் பசி வந்தது. மண்ணைப் பார்த்தால் மண்ணாகத் தெரிந்தது. ஒரு மத்தியானம், சோறு தின்ற மயக்கத்தில் வகுப்பே தலையைத் தொங்கப்போட்டிருக்க, வாத்தியார் சொன்ன கதையை நான் மட்டும் முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பெறகு என்னாச்சு சார்?" என்று கேட்டேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வீட்டுக்கு ஓடிவந்து அதை உங்களிடம் சொன்னேன். அடுத்த தடவை வண்டிக்காரர் கேட்டபோது, "அவ வாய்ப்பாடு படிக்கா, ஹார்ன் அடிக்காமப் போங்க" என்று சொல்லிவிட்டீர்கள்.

இனி அந்தச் சேதிக்கு வருகிறேன். என் வகுப்பில் கனகா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். சாக்பீஸ் துண்டுகள் அடிக்கடி காணாமல் போயின. அவள் உதட்டோரத்தில் வெள்ளைப் பொடி. முதல் மணியிலேயே தலை சாய்ந்துவிடும். போன பருவத்தில் அவள் அம்மா வந்து நின்றாள். "இவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர். வீட்ல இருந்து தீப்பெட்டி ஒட்டட்டும்" என்றாள். இப்போது வண்டி வருவதில்லை, வேலையே வீடு தேடி வருகிறது.

கனகாவை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து, தாடையைப் பிடித்து, இமையை இழுத்துப் பார்த்தேன்.

"என்ன டீச்சர், ஆட்டப் பாக்க மாதிரி பாக்கீக?" என்றாள் அவள் அம்மா.

"எங்க ஐயா இப்படித்தான் என்னையப் பாத்தாவ. எனக்கும் படிப்பு ஏறலன்னுதான் சொன்னாவ. ஆஸ்பத்திரிக்குக் காட்டி, மாத்திரை குடுத்துப் பாருங்க. அடுத்த பருவத்திலயும் இவ தூங்குனா, நான் உங்களத் தடுக்கல."

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த பருவத்திலும் அவள் தூங்கினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கனகாவுக்கும் எனக்கு இருந்த அதே குறைதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டாள். மத்தியானச் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்ன ஆரம்பித்தாள்.

நேற்று கரும்பலகையில் கூட்டல் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கீச்சுக் குரல்.

"டீச்சர், மனசுல வச்ச ஒண்ண நீங்க அங்கன கூட்டாம விட்டுட்டீங்க!"

திரும்பிப் பார்த்தேன். கனகா பெஞ்சின்மேல் ஏறி நின்று விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையதுதான். கண்ணில் நீர் முட்ட அதை அழித்துத் திருத்தினேன். அவளைக் கீழே இறங்கச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை, ஐயா.

இனி ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறந்ததும் என் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் வாசல் வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பார்ப்பேன். சிலேட்டைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். நான் வேலையில் இருக்கும்வரை இது மாறாது. உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு இது.

இப்படிக்கு,
அந்தச் செருப்புக்கு வளர்ந்துவிட்ட உங்கள் மகள்,
பேச்சியம்மாள்