கை மாறிய கோட்டு

மார்ச் 3
புதுத் தையல் கடையில் இரண்டாவது வாரம். இன்று ஒரு கோட்டுக்கு வலக்கையை இடப்பக்கமும் இடக்கையை வலப்பக்கமும் வைத்துத் தைத்துவிட்டேன். பத்து வருஷ அனுபவமாம்! சுருட்டித் துணிமூட்டைக்கு அடியில் திணித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4
யாரும் தேடவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. தப்பு எல்லாருக்கும் வரும். மறைத்தேனே, அதுதான் குற்றம். பழைய கடையில் இப்படி ஒரு சட்டையை மறைத்ததற்கு நாற்பது நாள் என்னோடு யாரும் பேசவில்லை. சாப்பிட நான் உட்கார்ந்தால் பெஞ்சே காலியாகும். வேலையை விட்டதே அதனால்தான். மறுபடியும் அதே புத்தி— எப்பத்தான் உறைக்கும் எனக்கு?

மார்ச் 5
வீட்டில் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரரின் பஸ் டிப்போவில் தப்பு செய்தவர் பெயரைப் பலகையில் எழுதுவார்களாம். நாத்தனாரின் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் எல்லார் டீ கப்பையும் கழுவ வேண்டுமாம்.
"எதுக்கு அண்ணி கேக்குறீங்க? என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள். கில்லாடி.

மார்ச் 6
சொல்லிவிட்டேன்!
கட்டிங் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மறைச்சீங்களா? அப்ப போட்டுக்குங்க."
இந்தக் கடை வழக்கமாம். மறைத்தவர் அந்த உடுப்பைச் சாயங்காலம் வரை போட்டுக்கொண்டு, கேட்பவர்களிடமெல்லாம் காரணம் சொல்ல வேண்டும். ஆறடி ஆளின் கோட்டு, எனக்கு முழங்கால் வரை. கை இரண்டும் பின்பக்கமாக இழுத்தன.
"புது மாடலாம்மா?" என்றார் ஒரு வாடிக்கையாளர்.
"இல்லீங்க, என் தப்பு."
பட்டன் தைக்கும் அக்கா சிரித்த சிரிப்பில் ஊசியையே தொலைத்துவிட்டாள். எனக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு. ஆறு மணிக்குக் கழற்றியதும் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து தையலைப் பிரித்துக் கொடுக்க, நான் கைகளைச் சரியாக மாற்றித் தைத்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பஸ்ஸில் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மார்ச் 7
கோட்டுக்காரர் வாங்கிப் போனார். கச்சிதமாம்.

ஏப்ரல் 19
மாஸ்டர் ஒரு பேன்ட்டில் ஒரு காலை மட்டும் ஒரு சாண் குறைத்து வெட்டி, டிராயரில் ஒளித்திருந்தார். கண்டுபிடித்தது நான். அவர் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று அவசர அவசரமாகத் தைத்துக் கொடுத்ததும் நான்தான். பட்டன் அக்காவுக்கு இன்றும் ஊசி போயிற்று.
குறைக்காலை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே மாஸ்டர் கேட்டார்: "உங்க பழைய கடையில இதுக்கு என்னம்மா பண்ணுவாங்க?"
"அதெல்லாம் மறந்துபோச்சு மாஸ்டர். சாப்பாட்டு நேரமாச்சு, இப்படி வந்து உக்காருங்க" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன்.