ஏழு மணிக்குத் திருப்பித் தரப்படும்

பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கு இதுதான் சௌகரியம்.

உன் மகன் நன்றாக இருக்கிறான். சாப்பாட்டில் குறையில்லை, பேச்சில்தான் குறை. நேற்று முழுக்க அவன் என்னிடம் பேசியது இரண்டே வார்த்தை. காலையில் "ம்", ராத்திரி "ம்ஹூம்". பதினான்கு வயதில் நீ பேசியதில் காலே அரைக்கால் பங்கு இவன் பேசினாலும் வீடு கலகலப்பாக இருக்கும்.

மாலை மையம் எப்படியோ ஓடுகிறது. முப்பத்தொரு பேர் வருகிறார்கள். பள்ளி விட்டதும் நாலு மணிக்கு வந்தால் ஏழு மணிவரை வீட்டுப்பாடம், கேரம், ஆளுக்கு இரண்டு ரொட்டித் துண்டு. அந்த மூன்று மணி நேரம் இவர்கள் தெருவில் இல்லாமல் இருந்தால் போதும் என்று நீதானே ஆரம்பித்தாய். வாசலில் உன் பிஸ்கெட் டப்பா அப்படியே இருக்கிறது. பையில் இருப்பதை அதில் போட்டுவிட்டுத்தான் இன்னமும் உள்ளே வருகிறார்கள். நீ எழுதி ஒட்டியதும் அழியவில்லை: "கேட்க மாட்டோம். ஏழு மணிக்குத் திருப்பித் தரப்படும்." இந்த வாரம் ஒரு சைக்கிள் செயின், இரண்டு பிளேடு, ஒருவனுடைய விசில். அவனுக்கு இப்போது பெயரே விசில்தான்.

விசிலுக்கும் உன் மகனுக்கும் ஒத்துவரவில்லை. போன வாரம் விசில் இவன் புத்தகப் பையைத் தூக்கிக் கூரைமேல் எறிந்துவிட்டான். இருவரையும் ஒரே கேரம் பலகையில் உட்கார வைத்தேன். காய்களை மட்டும் முறைத்துக்கொண்டு ஆடினார்கள்.

நம் காய் நறுக்கும் கத்தியை இரண்டு நாளாகக் காணோம். பிடியில் நீ நீலத் துணி சுற்றிக் கொடுத்தாயே, அதுதான். கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுகிறவள் நான். எங்கேயாவது இருக்கும்.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. இந்த முதியோர் இல்லத்தில் தினம் பதினாறு பேரைத் தூக்கி உட்கார வைக்கிறேன். அதில் ஒரு பெரியவர் என்னை "மருமகளே" என்று கூப்பிட்டுத் திட்டுகிறார். மருமகள் பாவம், நிறையக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது.

விசில் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் பிள்ளை என்று அவனுக்காகத் தனியாக எதுவும் செய்துவிடாதே. செய்தால் மற்றவர்கள் அவனைத்தான் பிய்த்து எடுப்பார்கள். டப்பா விதியையும் விட்டுவிடாதே. முதல் வருஷம் நான் ஒருவன் கத்தியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? மறுநாள் மூன்று பேர்தான் வந்தார்கள். இரண்டு மாதம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம்.

ஜூலையில் வருகிறேன். இங்கே ஒரு அறை பார்த்திருக்கிறேன், அவனை என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதுவரை பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 27

தங்கைக்கு,

போனில் நான் அழுததில் உனக்கு எதுவும் புரிந்திருக்காது. நடந்ததை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் பஸ் நிறுத்தம் இருக்கிறதே, அங்கே விசில் மறுபடியும் பையைப் பிடுங்கியிருக்கிறான். உன் மகன் கத்தியால் ஒரு தடவைதான் குத்தியிருக்கிறான். நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் விசிலின் உயிர் போய்விட்டது.

உன் மகனைச் சிறார் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். என்னையும் விசாரித்தார்கள். டப்பாவில் அன்று என்ன இருந்தது என்று நான் கவனிக்கவில்லை, ஒரே கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன்.

விசிலின் அம்மா இன்று வந்தாள். சத்தம் போடுவாள் என்று பயந்தேன். டப்பாவில் கிடந்த அவன் விசிலை மட்டும் கேட்டாள். அன்று அவன் அதை எடுக்காமலே ஓடியிருந்தான். எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனாள்.

நீ வா. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அக்கா


மார்ச் 12

அக்கா,

நான் வந்துபோனது உனக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வர முடியவில்லை.

விசாரணை அதிகாரி ஒரு போட்டோ காட்டினார். நீலத் துணி. என் பழைய யூனிஃபார்மைக் கிழித்து நான் சுற்றியது. என் முடிச்சு எனக்குத் தெரியாதா?

அப்புறம் அவனைப் பார்த்தேன், இருபது நிமிடம். பதினெட்டு நிமிடம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "டப்பாவுல போட்டிருப்பியே, பெரியம்மா பார்க்கலையாடா?" என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பார்த்தாங்க. கையில எடுத்துப் பார்த்தாங்க. நம்ம வீட்டுக் கத்தின்னு தெரிஞ்சா வாங்கி வச்சுக்குவாங்கன்னுதான் அதுல போட்டேன். எனக்கே பயமா இருந்துச்சு. ஏழு மணிக்குத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

இத்தனை மாதத்தில் அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அவனே கொண்டுவந்து ஒப்படைத்தான் என்று நீ சொன்னால் தண்டனை குறையும் என்கிறார் வக்கீல். சொன்னால் மையத்தை மூடிவிடுவார்கள், அதுவும் தெரியும். விதியை எழுதியது நான், விடாதே என்று சொன்னதும் நான்தான். அதை நீ தாராளமாகச் சொல்லிக்கொள். ஆனால் அது நம் வீட்டுக் கத்தி அக்கா. நீ தேடிக்கொண்டிருந்த கத்தி.

தங்கை


ஏப்ரல் 20

தங்கைக்கு,

விசாரணை அன்று நீ முன் பெஞ்சில் இருந்தாய். அவனே கத்தியை ஒப்படைத்ததை நான் சொல்லி முடிக்கும்வரை திரும்பவே இல்லை. மூன்று வருடம் என்றவர்கள் இரண்டாக்கினார்கள். மறுநாளே மையத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். நேற்று நாலு மணிக்கு அந்தப் பக்கம் போனேன். ஏழெட்டுப் பேர் பூட்டிய கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன், தெரியாது என்றார்கள்.

அங்கே சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். பார்த்ததும் நம் கத்தி என்று தெரிந்துவிட்டது. ஏழு மணிக்கு அவன் கை நீட்டியபோது பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். பெரியம்மா பிள்ளைக்கு மட்டும் தனி விதியா என்று கேட்பார்களோ என்று பயந்தேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டேன். அவன் உடனே வாங்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். நான் அடுத்தவனைக் கூப்பிட்டேன்.

ஞாயிறுதோறும் அவனைப் பார்க்கப் போகிறேன். "ம்ஹூம்னு சொல்லிட்டான்மா" என்று காவலர் வந்து சொல்லுவார். திரும்பி வந்துவிடுவேன்.

அக்கா


ஜூலை 14

தங்கைக்கு,

போன இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்தன. இதுவும் வரும். இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது?

ஜூலை வந்துவிட்டது. நீ பார்த்து வைத்த அறையை விட்டிருப்பாய்.

இந்த ஞாயிறு அவன் வெளியே வந்தான். எதிரே உட்கார்ந்தான். இளைத்திருக்கிறான், முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். கிளம்புகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தான்.

"வீட்டுக்கு வேற கத்தி வாங்கிட்டீங்களா?"

"இல்லடா. வாங்கல."

"ம்" என்றான். எழுந்து உள்ளே போய்விட்டான்.

அவன் கேட்டது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். ஒரே ஒரு தடவை போன் பண்ணு. மூன்றாவது நிமிடம் சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை.

அக்கா