உன் போன் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது

வாயாடி ஷமீமுக்கு,

ஸ்ரீரங்கத்திலிருந்து வேதா எழுதுகிறேன். உன் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. சமையலறையில், மிக்சிக்குப் பக்கத்து பிளக்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. தினமும் காலை ஏழு மணி வாக்கில், நான் காபி கலக்கும் நேரம் பார்த்து 'டிங்' என்கிறது. யாரோ உனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். யாரது என்று எத்தனை நாள் யோசித்தேன், ஷமீம்!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உன் பெயரை மாற்றியிருக்கிறேன். இதில் வருகிற வேறு சிலவற்றையும்தான். கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். "எங்கிட்ட கேட்டியாக்கா?" என்று நீ இடுப்பில் கை வைத்து நிற்பது தெரிகிறது. உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை தலைவலி என்றாய். புதன்கிழமை நீ இல்லை. முப்பத்தாறு வயதில் மூளையில் ரத்தம் கசியும் என்று யார் நினைத்தார்கள்? நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலுக்குப் பாலக்கரை வீட்டுக்கு வந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு உன் அம்மா முந்தானைக்குள்ளிருந்து உன் போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"வேதாம்மா, இத தொறக்க எங்க யாருக்கும் தெரியல. அவ போட்டோவெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும். எடுத்துக் குடு, அது போதும் எனக்கு."

சரிம்மா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குத் திறக்கத் தெரியும் என்பது உனக்குத் தெரியுமா? உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! காவிரிப் பாலத்து நெரிசலில் வண்டியை நிறுத்தி, கட்டை விரலால் ஒரு கோலம் போட்டுத் திறப்பாய். அந்தக் கோலத்தை நான் தூக்கத்தில்கூடப் போடுவேன்.

ஆனால் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே அந்த 'டிங்'. திரையில் 'பம்ப் ஹவுஸ்' என்று பெயர் மட்டும் வந்தது. விஷயம் தெரியவில்லை. பூட்டிய திரையில் விஷயம் தெரியாதபடி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அல்லவா நீ, உன் போனில் மட்டும் விட்டுவைப்பாயா?

பம்ப் ஹவுஸ்! நீ அந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்ததை நூறு தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் தெருவில் தண்ணீர்ப் பிரச்சினை போலிருக்கிறது, அதற்காக யாருடனோ மல்லுக்கட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் திறந்துவிடுகிறவரோடு ஒருத்தி இப்படிக் கன்னம் சிவக்கச் சிரிப்பாளா என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? இந்த ஊரில் எல்லோருடைய ரகசியத்துக்கும் மூக்கு வேர்க்கிற எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ரகசியம் தெரியாமல் போனது கொஞ்சம் கோபம்தான்.

அதற்குப் பிறகு மண்டை குடைச்சல். தினமும் அந்தச் செய்தி வருகிறது. நீ போனது அவருக்குத் தெரியாமல் இருந்தால்? பதிலே இல்லையே, என்ன தவறு செய்தோம் என்று ஒரு மனுஷ ஜீவன் தினமும் காலையில் தவித்துக்கொண்டிருந்தால்? திறந்து ஒரு வரி போட்டுவிட்டால் அந்தத் தவிப்பு தீரும். உன் அம்மாவுக்கும் போட்டோ கிடைக்கும். காரணம் எல்லாம் நல்ல காரணம்தான். ஒரு நாள் விரலை வைத்து இரண்டு கோடு போட்டுவிட்டேன். மூன்றாவது கோட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது. நான் பெரிய மனசு பண்ணி நிறுத்தினேன் என்று நினைத்துவிடாதே, பருப்பு பொங்கியது, அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில்தான் போன மாதம் தில்லை நகரில் பயிற்சி. நீ இல்லாமல் நான் நடத்திய முதல் பயிற்சி. விடுதிக் காப்பாளர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள், மாலை நேர வகுப்பு நடத்துகிறவர்கள் என்று நம் வழக்கமான கூட்டம்தான். இளசுகள் போனிலேயே காதலிக்கிறார்கள், நம்பிப் படம் அனுப்புகிறார்கள், சில சமயம் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது அவர்கள் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று நீயும் நானும் ஆறு வருடமாகப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே பாடம்.

உன் விளையாட்டோடு ஆரம்பித்தேன். "எல்லாரும் உங்க போனைத் தொறந்து பக்கத்துல இருக்கவங்க கையில குடுங்க. அஞ்சு நிமிஷம் அவங்க என்ன வேணா பாக்கலாம்." நீ சொல்லும்போது நெளிவார்களே, அதே போல நெளிந்தார்கள். ஒருவர் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். ஒரு அம்மா அதன் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார். கடைசியில், "வேணாம், யாரும் குடுக்க வேணாம், இப்ப உங்க வயித்துக்குள்ள என்ன பண்ணிச்சோ அதான் அந்தப் புள்ளைங்களுக்கும் பண்ணும்" என்றேன். எல்லோரும் மூச்சு விட்டுச் சிரித்தார்கள்.

பச்சைமலையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல நாலு பேருக்கு இந்த ஒரு போனுதாங்க. நான் தினமும் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு எதுங்க பூட்டு?" என்றார். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீ என்ன சொல்லியிருப்பாய், ஷமீம்? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அப்புறம் எழுந்தவர் பொன்மலையிலிருந்து வந்த வாலிபால் கோச். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்து மைதானத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஐம்பது வயதிருக்கும், கணீரென்ற குரல். இங்கே பெயர் வேண்டாம், கோச் என்றே வைத்துக்கொள்வோம்.

"நம்ம டீம்ல ஒரு பொண்ணுங்க, காலேஜ் படிக்குது, பத்தொம்பது வயசு. ஒரு பயகிட்ட நம்பிப் படம் அனுப்பியிருக்கு. அவன் ஊர் பூரா காட்டுவேன்னு மிரட்டுறான். எங்கிட்ட வந்து அழுதுச்சு. நான் உடனே போனைக் கேட்டு வாங்கி, ஆரம்பத்துலேருந்து எல்லாத்தையும் படிச்சேன். படிச்சாதானே அவன் யாருன்னு தெரியும்? அப்புறம் வேற யாரும் பாத்துறக் கூடாதுன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். ஒரு மெசேஜ் விடல. அவனையும் கூப்புட்டு நாலு வாங்கு வாங்குனேன். எல்லாம் சரியாப் போச்சு. ஆனா அதுலேருந்து பொண்ணு கிரவுண்டுக்கு வரலைங்க. என்னைப் பாத்தா ரோட்டைக் கடந்து போயிடுது. நான் என்ன தப்பு பண்ணேன்?"

நம் பயிற்சிக்கு வருகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற அதே தப்பு. மிரட்டியதற்கு இருந்த ஒரே சாட்சியை அழித்தாகிவிட்டது. நாளைக்கு அவன் வாலாட்டினால் போலீஸில் காட்ட அவள் கையில் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன், அவருக்கு உடனே புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவள் ரோட்டைக் கடந்து போவது அதற்காக இல்லையே.

"எல்லாத்தையும் படிச்சேன்னீங்களே, அந்தப் பொண்ணு படிக்கச் சொல்லுச்சா?" என்று கேட்டேன்.

"காப்பாத்தத்தானேங்க படிச்சேன்?"

"சொல்லுச்சாண்ணே?"

அவர் உட்கார்ந்துவிட்டார். "அதுல பாதிக்கு மேல அந்தப் பயலைப் பத்தியே இல்லைங்க. வீட்டைப் பத்தி, உடம்பைப் பத்தி, என்னைப் பத்திகூட ஏதோ கிண்டலா எழுதியிருந்துச்சு. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்" என்றார்.

நான் மேலே பேச வேண்டும். ஆனால் காப்பாற்றத்தானே என்று அவர் சொன்னதும், உன் போனில் நான் போட்ட இரண்டு கோடுகள்தான் கண்ணில் நின்றன. வெட்கமாக இருந்தது, ஷமீம். மேடையில் நின்று ஊருக்குச் சொல்கிறவள், வீட்டில் மிக்சிக்குப் பக்கத்தில் அதே காரியத்துக்கு விரலை நீட்டியிருக்கிறேன்.

அதை அங்கேயே சொல்லிவிட்டேன். நீ யார் என்று சொல்லவில்லை, கதையை மட்டும் சொன்னேன். கோச் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப இப்ப நாம என்னங்க பண்றது?" என்றார். 'நாம' என்றாரே, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நீங்க மன்னிப்புக் கேளுங்க. ஏன் படிச்சேன்னு விளக்கமெல்லாம் வேணாம். அடுத்து என்ன செய்யணும்னு அந்தப் பொண்ணு சொல்லட்டும்" என்றேன். இருபது வருஷக் கோச், ஒரு சின்னப் பெண்ணிடம் மன்னிப்பா என்று அன்றைக்கு முகம் சுருங்கித்தான் போனார். ஆனால் பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'இன்று கிரவுண்டுக்கு வந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்தது. பந்தைத் தொடவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.'

எனக்குத் தைரியம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக்கு வந்தேன். நம்மிடம் பயிற்சி எடுத்தவர்களிடமும் உன் கூடப் படித்தவர்களிடமும் கேட்டு வாங்கிய உன் போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு ஒரு ஆல்பமாகக் கொண்டுவந்தேன். பாதியில் நீ வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறாய். உன் போனையும் உன் அம்மா முன்னால் வைத்தேன்.

"அம்மா, எனக்கு இத தொறக்கத் தெரியும். ஆனா தொறக்கல. தொறக்கவும் மாட்டேன். உங்களுக்கு வருத்தமா இருந்தா என்னைத் திட்டுங்க."

அம்மா ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து முடித்தார். பிறகு போனைக் கையில் எடுத்துத் துடைத்தார். "தபால் வந்தாகூட அவ பேரு போட்டிருந்தா அவதான் பிரிக்கணும்னு சொல்லுவா. பெத்த அத்தாவையே தொட விட மாட்டா. பூட்டியே இருக்கட்டும்மா" என்றார்.

அப்போதுதான் அது நடந்தது. அவர் கையிலேயே போன் அடித்தது. இத்தனை நாளில் ஒரு முறைகூட அடித்ததில்லை. திரையில் 'பம்ப் ஹவுஸ்'. அழைப்பு வந்தால் எடுப்பதற்குப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை என்பது இத்தனை நாள் எனக்கு ஏன் உறைக்கவில்லை? அம்மா என்னிடம் நீட்டினார். "எடு."

எடுத்தேன். "நான் ஷமீமோட ஃபிரெண்ட் வேதா பேசுறேங்க. உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும்…" என்று இழுத்தேன்.

"தெரியும்ங்க" என்றது குரல். "அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பிக்கிட்டிருக்கேன். காலைல என்ன சாப்பிட்டேன், வெயில் எப்படி, அவ்வளவுதான். நேத்து திடீர்னு பயமாப் போச்சு. யாராவது படிக்கிறீங்களா?"

"இல்லைங்க. பூட்டித்தான் இருக்கு. யாரும் படிக்கல."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அது ஆண் குரலா, பெண் குரலா, எந்த ஊர்ப் பேச்சு என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். இதை எழுதலாமா என்று பிறகு கேட்டபோது, "நாலு பேருக்கு உதவும்னா எழுதுங்க, என் பேரு மட்டும் வேணாம்" என்று பதில் வந்தது. உன் அம்மாவும் சரி என்றார்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும்மா?"

நான் விழித்தேன். "பம்ப் ஹவுஸ்லேருந்தும்மா" என்றேன்.

அவர் ஆல்பத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். உன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று நீ நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன், ஷமீம்.

"சாப்பிட்டாங்களான்னு கேளு" என்றார்.

கேட்டேன். இன்னும் இல்லையாம். போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், பேச்சு காதில் விழாதபடி குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள இன்னும் மனசு பரபரக்கிறது. கேட்கவில்லை.

உன் போனை அம்மா என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அது என் மிக்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு நாள்கூட சார்ஜ் இறங்க விடமாட்டேன். காலையில் அது 'டிங்' என்றால், நான் திரும்பிப் பார்க்காமல் காபி கலக்குவேன். அந்தக் கோலத்தை என் விரல் மறக்காது, ஆனால் போடாது.

உன் வீட்டில் அக்காவுக்குச் சொல்கிற, நீ எனக்கு வைத்த முறையோடு,
உன் லாத்தா,
வேதா