மூன்றாம் மாடியில் நான் தட்டாத கதவு

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உடம்பைத் தவிர மற்றது எதுவும் சரியில்லை. மாதக் கடைசியோடு என் வாட்ச்மேன் வேலையும், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இந்த அறையும் போகப் போகிறது, அதனால் இனிமேல் கடிதத்தைச் சித்தியின் தம்பி வீட்டுக்குப் போடு.

நடந்ததைக் கேள். பதினாறு வருஷமாக இந்தக் கட்டடமே என் தலையில்தான் நிற்கிறது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார், சொல்லாவிட்டாலும் மனசில் நினைத்திருப்பார். நான் ஆறாவதோடு நின்றவன், ஆனால் காலடிச் சத்தத்தை வைத்தே அறுபது வீட்டு ஆளையும் சொல்லிவிடுவேன், எந்தப் பட்டதாரிக்கு முடியும் சொல்லு. மூன்றாம் மாடிக்கு வேறு தேசத்துப் பல் டாக்டரம்மா தனியாகக் குடிவந்தாள், நம் பாஷையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டவள். எல்லோரையும் கேட்கிற மாதிரி அவளையும் எங்கே கிளம்பிட்டீங்க, சாப்பிட்டாச்சா, ஏன் லேட்டு என்று கேட்டேன். நம் ஆட்களுக்கு அது வணக்கம் மாதிரி, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவளோ நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மரியாதை தெரிந்த பெண் என்று நானும் இன்னும் நாலு கேள்வி சேர்த்துக் கேட்டேன். இரண்டே மாதத்தில் புகார் போய்விட்டது, போகும்போதும் வரும்போதும் இந்த ஆளுக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று. இனி யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன் என்று மானேஜர் எழுதி வாங்கிக்கொண்டார். என் கையெழுத்தைப் பார்த்து அவரே அசந்துபோனார், அது வேறு கதை.

அன்றிலிருந்து அவள் வந்தால் கேட்டைத் திறப்பேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். போன மாதம் ஒருநாள் அவள் கதவில் பால் பாக்கெட் எடுக்காமல் தொங்கியது. மறுநாள் இரண்டாக ஆனது. சித்தி போய்த் தட்டிப் பாருங்க என்றாள், எழுதிக் கொடுத்தாச்சு, போ என்றேன். மூன்றாம் நாள் படி கூட்டுகிற அம்மாள் உள்ளே முனகல் கேட்டுக் கத்தினாள், கதவை உடைத்தோம். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து அப்படியே கிடந்திருக்கிறாள். நான் ஒருத்தனே தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன், சரி, கூட நாலு பேரும் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நீங்கதானே கேக்கக் கூடாதுன்னீங்க என்றேன். அவள் சொன்னாள், "கேள்வி கேக்காதீங்கன்னுதான் சொன்னேன். செத்தாலும் வராதீங்கன்னு சொல்லலையே." எனக்கு இரண்டும் ஒன்றுதான் மகளே, கேட்காமல் ஒருத்தரைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியாது, அவள் ஊரில் தெரியும்போல. ஏன் தட்டவில்லை என்று மானேஜர் கேட்டதற்கு, நீங்கள் போட்ட உத்தரவு என்றேன். கேட்டதற்குப் புகார், கேட்காததற்கு வேலை போச்சு என்று இங்கே எல்லோரிடமும் நியாயம் பேசிக்கொண்டு திரிகிறேன், எல்லோரும் என் பக்கம்தான்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், சித்திக்குக்கூடத் தெரியாது, பதிலில் எழுதிவிடாதே. இரண்டாம் நாள் அந்தக் கதவு வரைக்கும் ஏறிப் போனேன். தட்டக் கையும் தூக்கினேன். வேண்டுமானால் அவளே வந்து கூப்பிடட்டும் என்று இறங்கி வந்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் சித்தப்பா