மழைமானியில் நான் ஊற்றிய தண்ணீர்

ரெக்ஸிலின்,

ஆறு மணி ஷிப்டுக்குத் துறைமுகம் கிளம்புகிறேன். அம்மா பூசைக்குப் போயிருக்கிறாள். ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது. நேற்றைய சாளை மீன் குழம்பைச் சுடவைத்துக்கொள்.

பள்ளிக்கூடத்துக்காகப் பாட்டிலை வெட்டி நீ மாடியில் வைத்த மழைமானியில் செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஊற்றியது நான்தான். ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் ஒரு சொட்டு விழவில்லை. தினமும் நோட்டில் பூஜ்யம் எழுதிவிட்டு நீ முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் காலையில் "பன்னிரண்டு மில்லிமீட்டர்ப்பா" என்று நீ ஓடி வந்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நம் மில்லர்புரத்தில் வேறு யார் வீட்டிலும் மழை இல்லை என்று டீச்சர் வகுப்பிலேயே உன்னைப் பொய்க்காரி என்றுவிட்டார்கள். நேற்றுச் சாப்பிடும்போது அம்மாவும், "ஏளா, பெய்யாத மழையை எழுதிட்டா போன?" என்று கேட்டாள். "இல்லம்மா, கண்ணால பாத்தேன்" என்று நீ அழுதாய். நான் தலையைக் குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இன்று காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுத்தான் அவள் பூசைக்குக் கிளம்பினாள்.

நீ எழுதியதை அழிக்காதே. பக்கத்தில் "அப்பா ஊற்றியது" என்று எழுது. டீச்சருக்கான கடிதம் நோட்டுக்குள் இருக்கிறது.

அப்பா

மக்கா, அந்தக் கடிதத்தை நீ கொடுக்க வேண்டாம். பத்து மணிக்குப் பெர்மிஷன் போட்டுவிட்டு நானே வகுப்புக்கு வந்து சொல்கிறேன். பிள்ளைகள் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.