புதுசுக்கு ஐரோப்பா முழுக்கச் சொந்தம்

மருமகளுக்கு,

நீ ஜெர்மன்காரரைக் கட்டியதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத உங்கம்மாவை, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரே வார்த்தையில் மடக்கிவிட்டேன்.

“ஏட்டி, புதுசுக்கு ஜெர்மன்ல நொய், பிரெஞ்சுல நூவோ, ஸ்பெயின்ல நுவேவோ. அம்புட்டும் நம்ம ‘நவீன’த்துக்குப் பங்காளி. வத்திராயிருப்புல கப்பலேறிப் போன வார்த்தை! அப்போ மாப்பிள்ளை யாரு? சொந்தக்காரர்!” என்றேன். இதையே ராஜபாளையத்தில் சொன்னபோது ஒரு பேராசிரியர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“அண்ணே, வத்திராயிருப்புல இருக்கிறது கண்மாய். கப்பல் எங்கிட்டு வந்துச்சு?” என்றாள்.

இன்னும் நாலைந்து பாஷை கைவசம் வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. கீரையை ஆய்ந்து முடித்தவள், “தலைதீபாவளிக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. அவருக்குக் காரம் ஆகுமான்னு கேளுங்க” என்றாள்.

என் பேச்சுக்கு அம்புட்டு வலிமை. காரம் பற்றி உடனே எழுது.

உன் தாய்மாமன்